பையனைத் தைரியசாலியாகவும் நல்ல மனசுக்காரனாகவும் வளர்ப்பது எப்படி?

ஏழு வயது மகன் அழுதால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று வீட்டில் எல்லாரும் அதட்டுகிறார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. அடக்கிய அழுகை எங்கேயும் போகாது, கோபமாகத்தான் வெளியே வரும். அழுது முடிக்கட்டும். அப்புறம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நான் புதுவண்ணாரப்பேட்டையில் இரண்டு பையன்களை வளர்க்கிறேன். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவது பெரும்பாலும் பெண்கள்தான். பெரியவனை எட்டு வயதிலேயே என்னோடு கூட்டிப்போனேன். முதல் நாள் பாதித் தண்ணீர் அவன் சட்டையில்தான் இருந்தது. இப்போது பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டு ஆயாவின் குடத்தையும் யாரும் சொல்லாமலே தூக்கிவந்து, வாசல்படியில் சிந்தாமல் இறக்கி வைக்கிறான். நெத்திலி ஆயவும் தெரியும்.

விளையாட்டு கட்டாயம் வேண்டும். வியாசர்பாடி என்றால் கால்பந்து; குத்துச்சண்டையும் கேரமும் வடசென்னை முழுக்க உண்டு. ஆனால் சேர்க்கும் முன் ஒரு நாள் ஓரமாக நின்று, தோற்ற பையனிடம் கோச் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். எனக்கு அதுதான் முக்கியம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பகுதிப் பெண். அதனால் "பொண்ணுகிட்ட தோத்துட்டியா" என்ற பேச்சே வேண்டாம். கைகொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காரட்டும்.

இன்னொன்று, அவன் அப்பாவுக்கு. அவர் உங்களிடம் கத்திவிட்டால், மகன் எதிரிலேயே மன்னிப்பு கேட்கச் சொல்லுங்கள்.