பார்க் ஜி-சுங்: உள்ளூர் லீக்கில் ஆடாத கொரிய நாயகன் (கேள்வி பதில்)

தென் கொரியக் கால்பந்து மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்) பார்க் ஜி-சுங்கை 2002 உலகக் கோப்பையிலிருந்து விடாமல் பார்த்துவருகிறேன். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: கொரியாவில் எந்த கிளப்புக்கு ஆடினார்? எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. கொரியாவின் உள்நாட்டு லீக்கான கே லீக்கில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. சுவோன் நகரத்தில் வளர்ந்தவர். ஆள் சின்னதாக இருக்கிறான் என்று அங்கே யாரும் எடுக்கவில்லை. மியோங்ஜி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடும்போதுதான் ஒலிம்பிக் அணியின் கோச் ஹு ஜுங்-மூ கண்ணில் பட்டார். 2000-இல் நேராக ஜப்பானின் கியோட்டோ பர்ப்பிள் சங்காவுக்குப் போனார். அந்த ஆண்டே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அவர் விட்டுப் போகவில்லை, அடுத்த ஆண்டே முதலிடம் பிடித்துத் திரும்ப மேலே வந்தார்கள். 2003 ஜனவரி 1 அன்று ஜப்பானின் எம்பரர் கோப்பை இறுதி ஆட்டத்தில் காஷிமா ஆண்ட்லர்ஸ் முன்னிலையில் இருந்தபோது சமன் செய்த கோல் அவருடையது. கியோட்டோ 2-1 என்று ஜெயித்தது.

கேள்வி: உடம்பு தேறத் தவளைச் சாறு குடித்தார் என்கிறார்களே?

கொரியாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அப்பாதான் ஏற்பாடு செய்து கொடுத்தார். மகன் கறி சாப்பிட்டு வளரட்டும் என்று, பார்த்த வேலையை விட்டுவிட்டு இறைச்சிக்கடையும் வைத்தார்.

கேள்வி: கொரியாவில் ராணுவ சேவை கட்டாயம் அல்லவா? எப்படி ஐரோப்பா போனார்?

2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன அணிக்கு அரசு சிறப்பு விலக்கு கொடுத்தது. அது இல்லாவிட்டால், சரியாக ஆட்டம் மெருகேறும் வயதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயிருக்கும். அதே கோப்பையில் போர்ச்சுகலை வெல்லவைத்த அவரது கோலை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: பந்தை மார்பில் வாங்கி, வலது காலால் தட்டி போர்ச்சுகல் ஆட்டக்காரர் கான்செய்சாவைத் தாண்டி, இடது காலால் அடித்தார்.

கேள்வி: நெதர்லாந்தில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்களாமே, ஏன்?

2002-இல் கொரிய அணிக்கு கோச்சாக இருந்த ஹிடிங்க் அப்போது நெதர்லாந்து கிளப் பி.எஸ்.வி.யில் இருந்தார். 2003-இல் அங்கே போனவருக்கு முழங்கால் காயம், ஆட்டம் எடுபடவில்லை. பந்து காலுக்கு வந்தாலே கூச்சல். ஹிடிங்க் அவரைச் சில காலம் வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கினார். ஜப்பானுக்கே திரும்பியிருக்கலாம், ஆனால் இருந்து காட்டினார். 2005-இல் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இத்தாலியின் ஏ.சி. மிலானுக்கு எதிராக ஐந்தோவனில் முதல் கோல் போட்டவர் அவர்தான். கூச்சலிட்ட அதே அரங்கம் அவர் பெயரில் பாட்டுப் பாடியது.

கேள்வி: மேன்செஸ்டர் யுனைடெட்டில் பெரும்பாலும் பெஞ்சில்தானே இருந்தார்? ஜெர்சி விற்க வாங்கினார்கள் என்பார்களே.

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஏழு பருவங்கள், 205 ஆட்டங்கள், நான்கு லீக் பட்டங்கள். 2008 சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவுக்கு எதிரான இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் ஓடி ஓடித் தேய்ந்தார். ஆனால் மாஸ்கோ இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்கூடப் பெயர் இல்லை. கோச் ஃபெர்குசனே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டு ரோமில், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடிய முதல் ஆசியர் ஆனார்.

கேள்வி: 29 வயதிலேயே தேசிய அணியை விட்டது அவசரம் இல்லையா?

இல்லை. ஒவ்வொரு முறை இங்கிலாந்திலிருந்து கொரியாவுக்குப் பறந்து திரும்பும்போதும் முழங்காலில் நீர் கோத்துக்கொள்ளும். 100 ஆட்டங்கள், மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல். அதற்கு மேல் அந்த முழங்காலிடம் என்ன கேட்பது? அப்புறம் இங்கிலாந்தின் க்யூ.பி.ஆர். கிளப்பில் ஒரு கசப்பான பருவம், மறுபடி பி.எஸ்.வி., 2014-இல் ஓய்வு.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் மிட்ஃபீல்டர். பார்க் ஆடிய எந்த ஆட்டத்தைக் காட்டலாம்?

2010-இல் மிலானுக்கு எதிராக யுனைடெட் ஜெயித்த இரண்டு ஆட்டங்கள். மிலானின் அரங்கமான சான் சிரோவில் 3-2, யுனைடெட்டின் அரங்கமான ஓல்டு டிராஃபோர்டில் 4-0. பந்தைப் பார்க்க வேண்டாம், மிலானின் மிட்ஃபீல்டர் பிர்லோவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மிலானின் ஆட்டம் முழுக்க அவர் காலிலிருந்துதான் தொடங்கும். அவர் பந்துக்குத் திரும்பும் முன்பே பார்க் பக்கத்தில் நிற்பார். பிர்லோ பின்னால் இறங்கினால் இவரும் இறங்குவார். நீளமான பாஸ் போட நிமிர நேரமே கொடுக்கமாட்டார். வெறும் காவல் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பந்து யுனைடெட் கைக்கு வந்த நொடியில் பிர்லோவை விட்டுவிட்டுக் கோல் பக்கம் ஓடுவார். ஓல்டு டிராஃபோர்டில் மூன்றாவது கோல் அவர் போட்டதுதான். முதல் முறை ஓடவிட்டுப் பாருங்கள், இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி, பிர்லோவுக்குப் பந்து வரும் ஒவ்வொரு தடவையும் பார்க் எங்கே நிற்கிறார் என்று மகனையே சொல்லச் சொல்லுங்கள்.