டிடாப் ஊசி போட்ட கை வீங்கி வலிக்கிறது. இது சாதாரணம்தானா?

கேள்வி இதுதான்: நேற்று முன்தினம் டிடாப் போட்டாயிற்று, கை சிவந்து வீங்கியிருக்கிறது, தூக்கினால் வலி, பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ரண ஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றையும் தடுக்கும் டிடாப் மருந்து 0.5 மி.லி. தோள்பட்டைத் தசையில் இறங்குகிறது. அதிலுள்ள அலுமினிய உப்பு எதிர்ப்பு அணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கும், வலி அதனால்தான். பெரியவர்களில் மூவரில் இருவருக்கு வலி வரும், ஐவரில் ஒருவருக்குச் சிவந்து வீங்கும். தலைவலி, அசதி, வயிற்றுப் பிரட்டலும் உண்டு. காய்ச்சல் அபூர்வம், நூற்றில் ஒருவருக்கு வந்தால் அதிகம். ஆகவே 102 டிகிரி அடித்தால் ஊசியின் மேல் பழி போடாமல் வேறு காரணம் தேடுங்கள்.

எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் நாளே தொடங்கி, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் வழக்கமானது. மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பு பரவி, சூடும் காய்ச்சலும் ஏறினால் சீழ் பிடிக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் விழுங்குவது வீண்.

சிவப்போ வீக்கமோ பெரிதாக இல்லாமல் மூட்டுக்குள் வலித்து, வாரக்கணக்கில் கை தூக்க முடியாவிட்டால், ஊசி மிக மேலே இறங்கியிருக்கலாம். தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழேதான் குத்த வேண்டும். இதற்கு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தோளிலிருந்து முழங்கை வரை சில மணி நேரத்திலேயே வீங்கினால், பழைய டி.டி. (டெட்டனஸ்) ஊசிகளால் உடலில் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிறு காயத்துக்கெல்லாம் டி.டி. போட்டுக்கொள்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். தானாக வடிந்துவிடும். ஆனால் தேதியோடு எழுதி வையுங்கள்: வீக்கம் இப்படிப் பழைய எதிர்ப்புப் பொருளால் வந்ததுதான் என்று டாக்டர் உறுதி செய்தால், அடுத்த டெட்டனஸ் ஊசிக்குப் பத்து வருட இடைவெளி வேண்டும், இடையில் காயம் பட்டாலும்கூட.

இப்போதைக்கு ஈரத்துணி ஒத்தடம், கையை அசைத்துக்கொண்டே இருப்பது, தேவைப்பட்டால் பாராசிட்டமால் 500 மி.கி. போதும்; ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஈரல் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்காரச் சொல்வது மயக்கத்துக்காகவும் ஒவ்வாமைக்காகவும். வெளுத்து விழுந்தவர் படுக்க வைத்ததும் தெளிந்தால் அது மயக்கம். உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு என்றால் ஒவ்வாமை. அட்ரினலின் ஊசி உடனே வேண்டும், அவில் போன்ற அலர்ஜி மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது.