கேமராவைப் பிடித்திருந்த கை

அன்புள்ள ஆச்சிக்கு,

என் சொந்த ஊர் தேவகோட்டை. கோவையில் வேலை பார்க்கிறேன். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகைப் பேய்ப் படங்கள் என்றால் எனக்கு உயிர். காணாமல்போன யாரோ எடுத்த வீடியோ இன்னொருவர் கையில் கிடைத்தது என்பதுபோல எடுப்பார்களே, அந்தப் படங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பூட்டிக் கிடக்கும் எங்கள் பங்காளிகளின் பொது வீட்டுக்குள் ராத்திரியில் போய் நண்பர்களோடு செல்போனில் அப்படி ஒன்று எடுத்தேன். மறுநாள் போட்டுப் பார்த்தால், எடுத்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஐயா மட்டும், “நம்ம வீட்டப் பேய்வீடு ஆக்கிட்டியேடா” என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எல்லாம் செட்டப் என்று தெரிந்த பிறகும் இந்தப் படங்கள் ஏன் பயமுறுத்துகின்றன? இத்தனை வருடமாகியும் ஏன் அலுக்கவில்லை? இப்போது கணினியே எந்தப் பொய் வீடியோவையும் செய்துவிடுகிறது. இனி இந்த வகை நிற்குமா? வீடியோவை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய நாலு நிமிட வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். முதலில் பகலில். அப்புறம் ராத்திரி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு. முகப்பில் நின்று நேராகப் பிடித்திருக்கிறீர்கள். நம் செட்டிநாட்டு வீடுகளின் வாகு அப்படி. நிலைவாசலில் நின்றால் வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்கள் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்து, பின்தெருக் கதவு வரை பார்வை போகும். பகலில் அது கொள்ளை அழகு. வளவில் வெயில், அடுத்த கட்டில் இருட்டு, அதற்கும் அப்பால் மறுபடி வெயில். உங்கள் வீடியோவில் செல்போன் வெளிச்சம் முதல் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே இன்னும் மூன்று நான்கு வாசல்கள் இருப்பது நமக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. கடைசி வரை எதுவும் வரவில்லை. யாரோ ஒரு பையன் மெல்ல, “டேய், போதும்டா” என்கிறான். எனக்கு வயிற்றில் குளிர்ந்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

வழக்கமான பேய்ப் படத்தில் கேமரா யாருடையதும் இல்லை. பூட்டிய அறைக்குள் போகும், கிணற்றடியிலிருந்து மேலே பார்க்கும், ஆகாயத்தில் நிற்கும். யார் செத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதோடு சேர்ந்து நாமும் பத்திரமாக உட்கார்ந்திருப்போம். நீங்கள் விரும்பும் படங்களில் கேமராவுக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற ஓர் ஆள் இருக்கிறான். அவன் திரும்பினால்தான் நாமும் திரும்ப முடியும். அவன் கை நடுங்கினால் வீடும் நடுங்கும். பயம் பேயிடமிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கையிடமிருந்து வருகிறது. அந்தக் கை இப்போது எங்கே என்ற கேள்வி, ஒன்றுமே நடக்காத காட்சியிலும் கூடவே ஓடுகிறது.

1999இல் வந்த ‘தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடித்த மூவரும் நிஜமாகவே காணாமல்போனவர்கள் என்பதுபோல் இணையதளத்திலும் சுவரொட்டியிலும் விளம்பரம் செய்தார்கள், பலர் நம்பவும் செய்தார்கள். அந்த நம்பிக்கை சீக்கிரமே போய்விட்டது. பயம் போகவில்லை. அதனால்தான், ஏமாற்றுவதுதான் இந்த வகையின் பலம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற அதன் இயக்குநர்கள் நடிகர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்து, மேரிலாந்தின் காட்டுக்குள் எட்டு நாள் விட்டார்கள். அன்றன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்று துண்டுச்சீட்டு எழுதி வழியில் வைத்தார்கள். நாளாக ஆக, சாப்பாட்டைக் குறைத்தார்கள். ராத்திரியில் இவர்களே போய்க் கூடாரத்தை உலுக்கினார்கள். ஆகவே அந்தச் சிடுசிடுப்பும் களைப்பும் பாதிக்கு மேல் நிஜம். படத்தின் பெயரில் இருக்கும் சூனியக்காரி ஓர் இடத்தில்கூடக் கண்ணில் படுவதில்லை. கடைசியில் ஒருவன் சுவர் மூலையைப் பார்த்து நிற்கிறான், கேமரா கீழே விழுகிறது, விழுந்த பிறகும் ஓடுகிறது. அந்தச் சில நொடிகளில் கேமரா நம்முடையதாகிவிடுகிறது.

இது சினிமா கண்டுபிடித்ததும் இல்லை. 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி. அந்தக் காலத்துப் புதுக் கருவியான ஃபோனோகிராஃபில் மருத்துவர் பேசிவைத்த குறிப்புகள்கூட உண்டு. அவரவர் காலத்துக் கருவியில் அவரவர் பயத்தைப் பதிந்திருக்கிறார்கள். 2020இல் ஊரடங்கு சமயத்தில் ஸூம் அழைப்புக்குள்ளேயே ‘ஹோஸ்ட்’ என்ற படத்தை எடுத்தார்கள். ஆறேழு சதுரங்களில் ஒரு சதுரம் காலியாகும்போது வந்த திகில், அந்த வருடம் நாம் எல்லோரும் அறிந்ததுதான். ஏன் அலுக்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம். நம் கையில் இருக்கும் கருவி மாறிக்கொண்டே இருக்கிறது, படமும் கூடவே மாறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யில் இருக்கிறது. ஓரென் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்து முடித்த படம். படுக்கையறை மூலையில் ஸ்டாண்டு போட்டு கேமராவை வைத்துவிட்டு கதையில் வரும் இளம் ஜோடி தூங்குகிறார்கள். ஒரு ராத்திரி அவள் எழுந்து கட்டிலருகே நிற்கிறாள், தூங்கும் அவனைப் பார்த்தபடி. திரையின் ஓரத்தில் மணி வேகமாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் போகிறது. இரண்டாவது மணி நேரமும் போகிறது. நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டு நிற்கிறாள். கிராஃபிக்ஸ் கிடையாது, சத்தம் கிடையாது. ஓடுகிற எண்களும் நிற்கிற ஒரு பெண்ணும்தான். நாம் தூங்கும்போது நம் வீடு என்ன செய்கிறது என்று ஒரு கருவி பார்த்திருந்தால்? அதற்குப் பிறகு எங்கள் வீட்டு சிசிடிவி காட்சிகளை ராத்திரியில் திறந்து பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

குறைகளும் நிறைய. உயிர் போகிற நேரத்தில் இவன் ஏன் இன்னும் கேமராவைப் பிடித்திருக்கிறான் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்காத படம் அங்கேயே படுத்துவிடும். பின்னணி இசை சேர்த்தால் தீர்ந்தது கதை, கண்டெடுத்த வீடியோவுக்கு வயலின் வாசித்தது யார்? 1980இல் வந்த ஓர் இத்தாலியப் படத்துக்காக நிஜ விலங்குகளைக் கொன்றார்கள். இந்த வகைக்கே முன்னோடி என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. என்னால் முடியாது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகமெல்லாம் அலைந்தார். யார் யாரோ, எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடித் தேடி 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். படம் 1940இல் வெளியானது. அது பயத்துக்காகச் செய்த வேலை இல்லை, பக்தியால் செய்த வேலை. ஆனால் பெயர் தெரியாத ஒரு கை எப்போதோ கேமராவைத் திருப்பியதால் ஒரு மனிதர் நடந்துபோவதை நாம் இன்று பார்க்கிறோம் என்ற சிலிர்ப்பு இரண்டிலும் ஒன்றுதான். பழைய கல்யாண வீடியோவை நம் வீட்டுப் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்ததுண்டா? மாப்பிள்ளை பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. பட்டாலைத் தூணோரம் இலை எடுத்துக்கொண்டு போகிறவரை, பந்தி ஓரத்தில் கை கழுவுகிறவரைக் காட்டி, “இந்தா, அப்பத்தா!” என்பார்கள். வீடியோக்காரர் அவரை எடுக்க நினைத்ததே இல்லை.

என் அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் இருந்தார்கள். கடிதம் எழுதச் சோம்பல், அதனால் கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். 1981இல் ஒரு கேசட் வந்தது. அது வந்த மூன்றாம் மாதம் அப்பச்சி அங்கேயே தவறிப்போனார்கள். அந்த கேசட்டில் எங்கள் படிப்பு, வீட்டு ஓடு மாற்றுவது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் பேசிவிட்டு, “சரி, வச்சிர்றேன்” என்கிறார்கள். ஆனால் ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டார்கள். நாற்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம். கதவு. அதற்குப் பிறகு பக்கம் தீரும்வரை வெறும் அறை. மழை பெய்கிறது, தூரத்தில் ஒரு கார் போகிறது.

பதின்மூன்று வயதில் அந்தப் பகுதி வந்தால் நான் வளவைத் தாண்டி ஓடிவிடுவேன். அவ்வளவு பயம். ஆத்தா, என் அம்மா, பேச்சை எல்லாம் ஓட்டிவிட்டு அதை மட்டும்தான் கேட்பார்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் எங்கள் புள்ளியின், அதாவது எங்கள் குடும்பத்தின், அறை. கதவைச் சாத்திக்கொண்டு, மழை நிற்கும்வரை. இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், அறைக்கு வெளியே நான் பட்டதும் உள்ளே ஆத்தா பட்டதும் வேறு வேறு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

கணினி செய்யும் வீடியோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் உருவம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், பின்னால் நிற்பதற்கு ஆள் கிடையாது. யாருக்காக நான் பயப்படுவது? “டேய், போதும்டா” என்று சொல்ல அங்கே ஒரு பையன் வேண்டும்.

உங்கள் ஐயாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பூட்டிக் கிடப்பதால் அது பேய்வீடு ஆகாது. பங்காளிகள் ஒன்றுகூடாததால், பராமரிக்கப் பணமில்லாததால், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் பூட்டிக் கிடக்கிறது. அங்கே பிறந்தவர் அவர். அந்த வீடியோவைப் பொதுவில் போடாதீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பகலில் அவரையே சாவிக்கொத்தோடு முன்னால் நடக்கச் சொல்லுங்கள். எந்த அறை எந்தப் புள்ளிக்கு, எந்தத் தூணில் தொட்டில் கட்டினார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போகட்டும். நீங்கள் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போங்கள். அவர் பேசி முடித்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள், தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

அன்புடன்,
ஆச்சி