மிஞ்சிய என்ஜின் ஆயில்: எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

கேள்வி: மும்பை செம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெட்ரோல் காருக்கு ஆயில் மாற்றியபோது 5 லிட்டர் கேனில் ஒன்றரை லிட்டர் மிஞ்சியது. சீல் உடைக்காத 1 லிட்டர் கேன் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் பால்கனியில்தான் உள்ளன. இப்போது பயன்படுத்தலாமா? மகனின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா?

பதில்: சீல் உடையாத கேனைத் தாராளமாகக் காருக்குப் பயன்படுத்தலாம். ஆனால் மூடி திறந்து, பால்கனியில் இரண்டு மழைக்காலங்களைக் கடந்த கேனை என் வண்டியாக இருந்தால் நான் ஊற்ற மாட்டேன்.

ஓடும் என்ஜினில் ஓராண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்களே, கேனில் இருப்பது மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கும் என்று பலரும் கேட்பதுண்டு. என்ஜினுக்குள் ஆயில் கடும் சூட்டில் காற்றோடு கலந்து சுழல்கிறது. எரியாத பெட்ரோல், புகைக்கரி, எரிதலில் பிறக்கும் நீராவி, அமிலங்கள் எல்லாம் அதில் சேர்கின்றன. மூடிய கேனுக்குள் இவை எதுவும் நுழைவதில்லை. ஆகவே நிழலான, உலர்ந்த இடத்தில் வைத்த சீல் கேனுக்குத் தயாரிப்பு நிறுவனங்கள் பொதுவாக 4 முதல் 5 ஆண்டுகள் வரை ஆயுள் சொல்கின்றன. இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, கேனில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். கடையிலேயே ஓராண்டு கிடந்த கேனாகவும் அது இருக்கக்கூடும்.

திறந்த கேனுக்கு எதிரி ஈரம்தான். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே நனைந்திருக்கிறது. பகல் வெயிலில் கேனுக்குள் இருக்கும் காற்று விரிந்து, சரியாக இறுகாத மூடி வழியே வெளியேறுகிறது; இரவில் குளிரும்போது அதே வழியாக ஈரக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கேனின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படிகிறது. கேன் எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு காற்று போய் வரும். வெட்டவெளியில் நிறுத்திவைத்த பீப்பாய் தன் மேல்தட்டில் தேங்கிய மழைநீரைக்கூட இப்படி உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான், வெளியில் வைக்க நேர்ந்தால் பீப்பாயைப் படுக்கவைத்து, அந்தத் தட்டிலுள்ள இரு திருகுமூடிகளும் கடிகாரத்தின் 3, 9 ஆகிய எண்களின் நிலையில் இருக்கும்படி வைக்கிறார்கள். உள்ளே புகுந்த நீர், தேய்மானத்தைத் தடுக்கவும் அழுக்கைத் தாங்கவும் ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்களைச் சிதைக்கும். சில சேர்மானங்கள் அடியில் வண்டலாக இறங்கிவிடும்.

கேனைக் குலுக்காமல், கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலந்தது போல் மங்கியிருந்தாலோ, கேனின் அடியில் கொழகொழப்பான படிவு தெரிந்தாலோ அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. தெளிவாகத் தெரிந்தாலும் ஈரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் சிறிதளவு நீர் ஆயிலில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக என்ஜினைப் பணயம் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

சீல் கேனை ஊற்றும் முன்பும், அதிலுள்ள 5டபிள்யூ-30 போன்ற தடிப்பு எண்ணையும் ஏ.பி.ஐ. (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரக்குறியையும் காரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். எஸ்.என். தரம் 2010-இலும் எஸ்.பி. தரம் 2020-இலும் வந்தன, எஸ்.பி. கேட்கும் புதிய காருக்கு எஸ்.என். ஆயில் கெடாமலே இருந்தாலும் பொருந்தாது. எஸ்.என். கேட்கும் காருக்கு, தடிப்பு எண் ஒன்றாக இருந்தால், எஸ்.பி. ஊற்றலாம்.

மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு கேன்களுமே வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் என்ஜின் இரையும், வண்டி அதற்கேற்ப நகராது. மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று குறித்த ஆயிலே தேவை.

இனி மிஞ்சும் ஆயிலை அதன் சொந்தக் கேனிலேயே வைத்து, மூடியை இறுக்கி, திறந்த தேதியை மேலே எழுதி, வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், யாராவது குடித்துவிடும் ஆபத்து உண்டு. திறந்ததை அடுத்த மழைக்கு முன் தீர்த்துவிடுவது நம் ஊருக்கு ஏற்ற கணக்கு.

அந்த ஒன்றரை லிட்டரில் தெளிவாக இருப்பதைக் கேட்டின் கீல்களுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் விடலாம். மற்றதைச் சாக்கடையிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாமல், நீங்கள் வழக்கமாக சர்வீஸ் விடும் இடத்தில் ஒப்படையுங்கள். பழைய ஆயிலை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.