டக்ளஸ் ரோச்: எம்.பி., தூதர், செனட்டர் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, ஒரே ஆள் இந்த மூன்று பதவியிலும் இருந்தாரா?

பதில்: இருந்தார். 1929இல் கனடாவின் மொன்றியலில் பிறந்த ரோச், தொழிலால் பத்திரிகையாளர். அல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டனில் 'வெஸ்டர்ன் கத்தோலிக் ரிப்போர்ட்டர்' இதழின் முதல் ஆசிரியர். 1972இல் கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி.யாகி 1984 வரை தலைநகர் ஒட்டாவாவில் இருந்தார். அடுத்த ஐந்து ஆண்டுகள் தூதர். 1998இல் செனட்டர், அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்.

கேள்வி: எந்த நாட்டுக்குத் தூதர்?

பதில்: எந்த நாட்டுக்கும் இல்லை. ஆயுதக் குறைப்புக்கென்று கனடா வைத்திருந்த தனித் தூதர் பதவி அது. முக்கிய வேலைக்களம் ஐ.நா. சபை. 1988இல் பொதுச்சபையின் ஆயுதக் குறைப்புக் குழுவுக்குத் தலைவராகவும் தேர்வானார்.

கேள்வி: அணுகுண்டை எதிர்ப்பவர், அணு ஆயுதத்தை நம்பும் நேட்டோ ராணுவக் கூட்டணி நாட்டின் தூதராக இருந்தால் இடிக்காதா?

பதில்: இடித்தது. தூதர் தன் மனதில் பட்டதைப் பேச முடியாது, அரசு சொன்னதைத்தான் பேச வேண்டும். அணு ஆயுத உற்பத்தியை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்ன தீர்மானத்தை 1984இல் கனடா எதிர்த்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் இவரே. என் கணக்கில், மூன்று நாற்காலிகளில் அதிகம் கட்டுண்டு கிடந்தது இதில்தான்.

கேள்வி: அண்ணா, மக்கள் ஓட்டே போடாமல் செனட்டர் ஆனது கொல்லைப்புற வழிதானே?

பதில்: கனடாவில் எல்லா செனட்டர்களும் அப்படித்தான். பிரதமர் பரிந்துரைப்பார், கவர்னர் ஜெனரல் நியமிப்பார். ஆனால் இவர் விஷயத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. தங்கள் செனட்டரைத் தாங்களே தேர்ந்தெடுப்போம் என்று அல்பர்ட்டா மாகாணம் 1998 அக்டோபரில் வாக்கெடுப்பு வைத்திருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன், செப்டம்பரில், பிரதமர் ஷான் க்ரெத்தியேன் காலியிடத்தில் ரோச்சை உட்கார வைத்துவிட்டார். அல்பர்ட்டாவில் கொதித்தார்கள். இதே மாகாணம் 1989இல் தேர்ந்தெடுத்த ஸ்டான் வாட்டர்ஸை 1990இல் அப்போதைய பிரதமர் மல்ரோனி நியமித்த முன்னுதாரணம் இருந்தது. அது க்ரெத்தியேனைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை, அவ்வளவுதான். கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய முகவரி பிரதமருடையது. இன்னொன்று: லிபரல் பிரதமர் நியமித்தும் ரோச் எந்தக் கட்சி வரிசையிலும் உட்காரவில்லை, சுயேச்சையாகவே இருந்தார்.

கேள்வி: இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

பதில்: நல்ல கேள்வி. பல நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்த ஓர் அமைதி அமைப்புக்கு எண்பதுகளில் இவர் தலைமை வகித்தார். 1984 மே மாதம் இந்திரா காந்தி, ஸ்வீடனின் பால்மே, தான்சானியாவின் நைரேரே உள்ளிட்ட ஆறு தலைவர்கள் வெளியிட்ட அணு ஆயுத நிறுத்த அறைகூவலுக்குப் பின்னால் ஓடியாடியது அந்த அமைப்புதான். 1985 ஜனவரியில் அந்த ஆறு நாடுகள் டெல்லியில் கூடியபோது இந்திரா உயிரோடு இல்லை, ராஜீவ் தலைமையேற்றார்.

கேள்வி: ஆறே ஆண்டில் செனட்டை விட்டது ஏன்? சண்டையா?

பதில்: வயது. 75 ஆனால் செனட்டர் இறங்கியே ஆக வேண்டும். அவருக்கு அது 2004 ஜூனில் வந்தது. 1998இல் தொடங்கிய 'மிடில் பவர்ஸ் இனிஷியேடிவ்' என்ற அணு ஆயுத ஒழிப்பு அமைப்பு வேலைக்கு அந்த வயது வரம்பு கிடையாது, அதைத் தொடர்ந்தார்.