புது மினி டிராக்டரா, பழையதா? முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்

கேள்வி: எனக்கு ஐந்து ஏக்கர் நிலம். பழமரங்களும் இடையில் காய்கறியும் வைத்திருக்கிறேன். மர வரிசைக்குள் பெரிய டிராக்டர் நுழையாது என்பதால் 20 குதிரைத்திறன் அளவில் மினி டிராக்டர் வாங்க நினைக்கிறேன். புது வண்டி என்றால் கடன் வாங்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு எட்டு வருஷப் பழைய வண்டி ஒன்று வந்திருக்கிறது. மீட்டரில் 1,900 மணி காட்டுகிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சொந்த வேலைக்கு மட்டும்தான், வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. சொந்த வேலைக்கு மட்டும் என்றால் வண்டி வருஷத்துக்கு எவ்வளவு நேரம் ஓடும்? மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் நாலடி ரோட்டவேட்டர் ஒரு ஏக்கரை முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஐந்து ஏக்கருக்கு ஒரு சுற்று பத்து மணி. ஆறு சுற்று ஓட்டினால் 60 மணி. மருந்தடிப்பு, டிரெய்லரில் எரு அடிப்பது, காய் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் இன்னொரு 60 என்று தாராளமாகவே வைப்போம். ஆக 120 மணி. பத்து வருஷம் ஓட்டினாலும் 1,200தான். ஏற்கெனவே ஓடிய 1,900ஐச் சேர்த்தால் 3,100. ஆயிலும் ஃபில்டரும் காலத்தில் மாற்றிய சின்ன டீசல் எஞ்சின் அதையும் தாண்டி ஓடும்.

இவ்வளவு வேலைக்காகக் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால், கொட்டகையில் சும்மா நிற்கிற நாளுக்கும் வட்டி ஏறும். புது வண்டியின் விலை வேகமாகச் சரிவதும் முதல் சில வருஷங்களில்தான். அதனால் உங்களுக்குப் பழையதே போதும் என்பேன். ஆனால் அது இந்த வண்டிதானா என்பதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்தப் புதுப் பெயிண்ட். பல வருஷங்களுக்கு முன் நானும் பளபளவென்று ஒரு வண்டி வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கிரீஸ் அடிக்க உட்கார்ந்தால், முன் அச்சில் கிரீஸ் ஏற்றுவதற்காக இருந்த நிப்பிள்கள் எல்லாம் பெயிண்டில் மூழ்கிக் கிடந்தன. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பெயிண்ட் அடித்த பிறகு அந்த அச்சுக்கு ஒரு சொட்டு கிரீஸ்கூடப் போகவில்லை. இரண்டே மாதத்தில் புஷ் தேய்ந்து முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. நீங்கள் பார்க்கப் போகும்போது முதலில் அந்த நிப்பிள்களைப் பாருங்கள். பின் அச்சு உறையிலும் கியர்பெட்டியிலும் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தடிப்பு தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதை மாற்ற முடியும், கழற்றிவிட்டும் ஓட்ட முடியும். கிளட்ச் பெடலின் ரப்பர் மழுங்கி இரும்பு தெரிகிறதா? கலப்பை மாட்டும் லிங்க் கையில் பின் நுழையும் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா? எஞ்சின் சுழற்சியை ரோட்டவேட்டர் போன்ற கருவிகளுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டின் பற்கள் தேய்ந்து கத்தி முனைபோல் ஆகியிருக்கின்றனவா? இதெல்லாம் இருந்தும் மீட்டர் 1,900 என்றால், அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

காலையில், எஞ்சின் சூடாகும் முன்பே போய் நில்லுங்கள். வருவதாகச் சொல்லியிருந்தும் எஞ்சின் கதகதப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டியோ என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியையும் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிளம்பியதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயமில்லை. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை மட்டும் என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ இன்ஜெக்டர் கோளாறாகவோ இருக்கலாம். அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான்.

அப்புறம் கிளட்ச். சமதரையில், முன்னால் ஆள் யாரும் இல்லாமல், பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. தட்டின் விலையைவிட அதை மாற்றும் கூலிதான் வலிக்கும். வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரித்தால்தான் கிளட்சைத் தொட முடியும்.

ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு அதன் உயரத்தைக் கவனியுங்கள். கையோ காலோ அடியில் போகக் கூடாது. சில நிமிஷங்களிலேயே தரைக்கு வந்துவிட்டால் ஹைட்ராலிக் உள்ளே கசிகிறது. நான்கு சக்கர இழுவை வண்டி என்றால், அது சேற்றுழவில் ஓடியதா என்று கேளுங்கள். ஓடியிருந்தால் முன் அச்சின் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அச்சின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது. தரையைப் பிடிக்கும் பூ தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகி வெடிப்பு விட்டிருந்தால் அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றோடு பொருந்துகிறதா, கடன் பாக்கி உண்டா என்பதையும் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் தேறிய வண்டியைக்கூட ஒரு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். அந்த மாடலுக்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்க வேண்டும், அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் சீலுக்காக விதைப்பு நேரத்தில் இரண்டு வாரம் காத்திருந்தால், பழைய வண்டியில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். இந்த இரண்டும் இல்லை என்றாலோ, பின்னால் மனசு மாறி வாடகைக்கு ஓட்டி வருஷத்துக்கு 400, 500 மணி வரும் என்றாலோ, தயங்காமல் புதிது எடுங்கள். உத்தரவாதக் காலத்தின் அருமை அப்போதுதான் தெரியும்.

பழையதை எடுத்தால் முதல் நாளே எஞ்சின், கியர்பெட்டி, முன் அச்சு எல்லா ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, அன்றைய மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இருக்கைக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்காது. உங்கள் நிலத்தில் வரப்பும் சரிவும் இருந்தால், அந்த மாடலுக்கென்றே செய்த சட்டத்தையும் சீட் பெல்ட்டையும் பொருத்திய பிறகே வயலில் இறக்குங்கள்.