இன்டர்நெட்டும் இல்லாம நடுவுல சர்வரும் இல்லாம மெஷ் நெட்வொர்க்ல (பக்கத்து பக்கத்து ரவுட்டருங்க நேரடியா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிடுத வலை) கோட் ரெப்போ (ஒரு புரோகிராமோட கோடும் அதோட ஹிஸ்டரியும் இருக்க ஃபோல்டர்) ஷேர் பண்ண முடியுமா?

முடியும். பாளையங்கோட்டைல எங்க தெருவுல நாங்க பண்ணிட்டுதான் இருக்கோம், தெரிஞ்சத சொல்லுதேன்.

கிட் வேற, கிட்ஹப் வேற. கிட் வந்து கோட்ல பண்ணுத ஒவ்வொரு மாத்தத்தையும் பதிவு பண்ணி வைக்குத சாஃப்ட்வேர், கிட்ஹப் அத இன்டர்நெட்ல வைக்குத சைட். 2005ல லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த கிட் சாஃப்ட்வேர எழுதும்போதே நடுவுல ஒரு சர்வர் இருந்தே ஆகணும்னு வைக்கல, ஒவ்வொரு குளோன்லயும் (காப்பி) முழு ஹிஸ்டரியும் இருக்கும், யார்ட்ட இருந்து யாரு வேணாலும் இழுத்துக்கலாம். வழி ஒண்ணு கிடைச்சா போதும், அது கேபிளோ வைஃபையோ பென் டிரைவோ.

எனக்கு இது புரிஞ்சது 2023 டிசம்பர் 17, 18 மழையிலதான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை, தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டி ஓடுச்சு, எங்களுக்கு கரண்டும் இல்ல டவரும் இல்ல. நானும் ஆத்துக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி டவுன்ல இருக்க கூட்டாளியும் ஒரு அரிசி மண்டிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி கொடுத்திருந்தோம், மண்டிக்குள்ள தண்ணி ஏறி கம்ப்யூட்டர் போச்சு, புதுசா எழுதின கோட் எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. தண்ணி வடிஞ்சதும் ரெப்போவ ஒரே ஃபைலா கட்டுத கிட் பண்டில் கமாண்ட போட்டு, பென் டிரைவ பாலித்தீன் கவர்ல சுத்தி, சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி போனேன். அங்க போய் பண்டில் வெரிஃபை போட்டா, முந்தைய கமிட் (பதிவு பண்ணின மாத்தம்) இல்லன்னு நிக்குது. நான் கடைசி ஒரு வாரத்து கமிட்ட மட்டும் கட்டியிருந்தேன், அவன் காப்பி ஒரு மாசம் பழசு. மண்டி அண்ணாச்சி வாசல்ல நனைஞ்ச அரிசிய சாக்குல பரப்பி காயப் போட்டுட்டு இருந்தாவ, ஒண்ணுமே சொல்லல, அதுதான் எனக்கு தாங்கல. திரும்ப வீட்டுக்கு வந்து முழு ரெப்போவையும் --all போட்டு கட்டி கொண்டுபோனேன். நீங்களும் அவசரத்துக்கு முழுசாவே கட்டுங்க.

அப்புறம்தான் மெஷ். தெருவுல மூணு வீட்டுல பழைய ரவுட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) ஏத்தி பேட்மேன் அட்வான்ஸ்டுங்க மெஷ் சாஃப்ட்வேர ஓட்டுதோம், அது 2011ல இருந்தே லினக்ஸ் கெர்னல்ல இருக்கு, மூணு வீடும் ஒரே சுவிட்ச்ல மாட்டின மாதிரி ஆயிரும். ஒரு லேப்டாப்ல கிட் டீமன் (கிட்டோடவே வார சின்ன சர்வர் புரோகிராம்) ஓட விட்டா 9418 போர்ட்ல மத்தவங்க குளோன் பண்ணிக்கலாம். ஆனா அதுல பாஸ்வேர்டும் கிடையாது என்கிரிப்ஷனும் கிடையாது, அதனால புஷ்ஷ (மத்தவங்க உள்ள எழுதுத வசதி) திறந்து விடாதீங்க, டேக்க (வெர்ஷனுக்கு வைக்குத பேரு) டிஜிட்டலா சைன் பண்ணி வச்சு சரிபார்த்து எடுங்க. மேல இக்ட்ரசில்ங்க நெட்வொர்க் சாஃப்ட்வேர போட்டா லிங்க் என்கிரிப்ட் ஆகும், ஐபி அட்ரஸே நம்ம என்கிரிப்ஷன் சாவில (கீ) இருந்து வாரதால வேற நெட்வொர்க் மாறினாலும் அட்ரஸ் மாறாது. கிட்ஹப்ல இருக்க மாதிரி இஷ்யூ (பிரச்சனை பட்டியல்), பேட்ச் (திருத்தம்) எல்லாம் வேணும்னா சென்ட்ரல் சர்வர் இல்லாத ரேடிக்கிள் பாருங்க, அதையும் கிட்டுக்குள்ளயே வச்சுக்கும், ஒவ்வொருத்தர் மாத்தினதும் அவங்கவங்க சாவில சைன் ஆகியிருக்கும். 2024 செப்டம்பர்ல 1.0 வந்துட்டு.

லோராவுல (கம்மி கரண்ட்ல ரொம்ப தூரம் எட்டுத ரேடியோ) அனுப்பலாமான்னு நிறைய பேரு கேக்காவ. வேண்டாம். லோராவுல மெசேஜ் அனுப்புத மெஷ்டாஸ்டிக், சாதாரண செட்டிங்ல நொடிக்கு ஒரு கிலோபிட் சுமாரு, 5 எம்பி ரெப்போ போய்ச் சேர 11 மணி நேரம் ஆகும், அதுவும் ஒரு பாக்கெட் கூட விழாம போனா. பண்டில் ரெடி, வந்து வாங்கிக்கோன்னு மெசேஜ் அனுப்ப அது அருமையா உதவும்.

டவுன் வரைக்கும் எங்க மெஷ் எட்டாது, நடுவுல ஆறு. அதனால மண்டிலயே ஒரு பழைய லேப்டாப்ல முழு குளோன் வச்சிருக்கோம், மச்சுல, போன தடவை தண்ணி ஏறின அளவுக்கு நல்லா மேல.